ஏரி நிரம்பியது, குடம் நிரம்பியதா?

செங்குன்றம் ஏரி நிரம்பிவிட்டது என்று செய்தி வந்தால் சென்னை நகரம் மகிழ்கிறது. மகிழட்டும், நாமும் மகிழ்கிறோம். ஆனால் தோழர்களே, ஏரியில் கிடக்கும் நீர் தானாக நடந்து வந்து ஏழையின் குடத்தில் ஏறிவிடுவதில்லை. பள்ளம் நோக்கி ஓடுவதுதான் நீரின் இயல்பு. அதை மேட்டுக்குத் தூக்க ஒரு கை வேண்டும். அந்தக் கைதான் நீரேற்று நிலையம்.

1872-இல் வெள்ளையர் ஆட்சி செங்குன்றம் நீரைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. எப்படி? திறந்த வாய்க்கால் ஒன்று வெட்டினார்கள். நீர் தன் போக்கில் கீழ்ப்பாக்கம் வரை வந்தது. அங்கிருந்து இரும்புக் குழாய்களில் ஊருக்குள் போயிற்று. வடிகட்டி கிடையாது; ஏற்றும் பொறியும் கிடையாது. மேலே ஏறும் விசை அந்த நீருக்கு ஏது?

1914-இல் நிலைமை மாறிற்று. பொறியாளர் மேட்லியின் திட்டப்படி கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்தன; நீராவிப் பொறிகள் ஓடின; உயரத்தில் எஃகுத் தொட்டி எழுந்தது. நீரை வடித்து, பொறியால் உயர்த்தி, அந்த உயரம் தந்த அழுத்தத்தோடு தெருக்களுக்கு அனுப்பினார்கள். தொட்டி எவ்வளவு உயரமோ அவ்வளவுக்குக் குழாயில் வேகம். 1961-இல் 6,60,000 பேர் இருப்பார்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 காலன் போதும் என்று கணக்கிட்டுக் கட்டினார்கள். 1961 வந்தது. மக்கள் தொகையோ 17 லட்சத்தைத் தாண்டி நின்றது!

பிறகு 2004-இல் வீராணம் நீர் வந்தது. ஏரி எங்கே, சென்னை எங்கே? சேத்தியாத்தோப்பில் உள்ள நிலையம் நீரை வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்திற்குத் தள்ளுகிறது. சுத்தமான நீரை மறுபடி பொறிகள் காடாம்புலியூர் தொட்டிக்கு ஏற்றுகின்றன. அந்த மேட்டிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர், போரூர் வரையில், நீர் தானே இறங்கி வருகிறது. தொடக்கத்தில் தூக்கிவிட்ட கைக்குத்தான் அந்த நெடும் பயணத்தின் பெருமை உரியது.

2019 கோடையை மறந்திருக்க மாட்டீர்கள். ஏரிகள் வறண்டன. ஜூலை 12-ஆம் நாள் சோலையார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். வில்லிவாக்கத்தில் இறங்கிய அந்த நீரும் குழாய் வழியே கீழ்ப்பாக்கத்திற்குத்தான் போயிற்று. ரயிலேறி வந்தாலும் நீருக்கு நிலையத்தின் வாசல்தான் வழி.

இதையெல்லாம் ஏன் சொல்கிறோம்? நிலையத்தில் மின்சாரம் நின்று பொறி ஓய்ந்தால் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் வாடுவதில்லை. முதல் தெருவில் நீர் இன்னும் வந்துகொண்டிருக்கும். கடைசித் தெருவில், மேட்டுக் குடிசையில், குழாய் காற்றைத்தான் ஊதும். குழாயின் கோடியில் இருப்பவர் யார்? பெரும்பாலும் கூலிக்குப் போகும் நம் மக்கள்தாம். போதாக்குறைக்கு மாடி வீட்டுக்காரர் சிலர் தெருக் குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுகிறார்கள். விதி தடுக்கிறது; வெட்கம் தடுக்கவில்லை! இதில் இன்னொரு கேடும் உண்டு. அழுத்தம் குறைந்த குழாய், விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மோட்டார் உறிஞ்சுவது பக்கத்து வீட்டு நீரை மட்டுமன்று, அவர்கள் பிள்ளைகளின் உடல்நலத்தையும்தான்.

ஊர் உறங்கும் வேளையில் பொறியின் ஓசையில் ஒரு சிறு மாற்றம் கேட்டாலே பதறி எழும் தொழிலாளியை நாம் அறிவோம். அவருக்கு மாற்றுப் பொறி ஒன்று தயாராக இருக்க வேண்டும். மின்சாரத்திற்கு இரண்டாவது வழி வேண்டும். கழன்ற மறையை மாற்ற மனுப்போட்டுக் காத்திருக்கும் நிலை கூடாது. ஏரியில் எத்தனை அடி நீர் என்று நாள்தோறும் அறிவிக்கிறார்கள் அல்லவா? அதன் பக்கத்திலேயே கடைசித் தெருக் குழாயில் அன்று காலை எவ்வளவு அழுத்தம் இருந்தது என்பதையும் அறிவிக்கட்டும். ஒவ்வொரு வட்டத்துத் தோழரும் நகராட்சியிடம் அந்தக் கணக்கைக் கேட்க வேண்டுகிறோம்.