ஒரே போர்ட், ஐந்து பெயர்!
வீட்டுக் கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. வேகத்தை அறிவது எப்படி?

(நமது நிருபர்)

ஸ்ரீவராகம்: குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கம்ப்யூட்டர் இப்போது ஆடம்பரப் பொருள் அல்ல. பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் வேலை பார்க்க, பெற்றோர் பென்ஷனோடு இங்கே தங்கியிருக்கும் வீடுகள் பல. பேரன், பேத்திகளின் படங்கள், கல்யாண வீடியோ, வீட்டுப் பத்திரத்தின் நகல் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அந்த நாளில் டிரங்குப் பெட்டி செய்த வேலையை இன்று ஹார்ட் டிஸ்க் செய்கிறது.

டிரங்குப் பெட்டி துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். ஹார்ட் டிஸ்க் அப்படியல்ல. ஒரு நாள் திடீரென்று 'டக், டக்' என்று சத்தம் கேட்கும். அதன் பிறகு அது ஒரு மாதம் உழைக்கலாம். அன்று மாலையே நின்றும் போகலாம். கிடைக்கும் அவகாசத்துக்குள் உள்ளே இருப்பதை வேறொரு டிஸ்க்குக்கு மாற்றியாக வேண்டும். அப்போதுதான் 'இத்தனை ஓட்டைகளில் எதில் சொருகுவது?' என்ற கேள்வி எழுகிறது.

இந்தப் பகுதியில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் சமீபத்தில் இதுதான் நடந்தது. காப்பாற்ற வேண்டியது சுமார் 500 ஜி.பி. கம்ப்யூட்டரின் முன்பக்கக் கறுப்பு போர்ட்டில் புதிய டிஸ்க்கைச் சொருகியதும், வேலை முடிய நாலு மணி நேரம் ஆகும் என்று திரை காட்டியது. பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவன் வந்து பார்த்து, "மாமா, பின்னாடி நீலக் கலர்ல ஒண்ணு இருக்கே, அதுல போட்டுப் பாருங்கோ" என்றான். மாற்றிச் சொருகியபோது ஒன்றேகால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. கம்ப்யூட்டரும் அதுவே, டிஸ்க்கும் அதுவே. வழி மட்டும்தான் வேறு.

இந்த வழிகளை இனம் கண்டுகொள்வதில் படித்தவர்களே திணறுகிறார்கள். அதற்குக் காரணம் வாங்குபவரின் அறியாமை அல்ல. பெயர் வைத்தவர்கள் செய்த குழப்பமே.

தோன்றிய கதை

1990-களின் தொடக்கத்தில் பிரிண்டருக்கு ஒரு சொருகி, மவுஸுக்கு வேறொன்று, கீ போர்டுக்கு இன்னொன்று என்று இருந்தது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே சொருகி வேண்டும் என்று முயன்றவர்களில் முதன்மையானவர் அஜய் பட். குஜராத்திலுள்ள வடோதராவில் பிறந்து, அங்குள்ள மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவின் இன்டெல் நிறுவனத்தில் சேர்ந்தவர். இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம்., காம்பாக், டெக், என்.இ.சி., நார்டெல் ஆகிய 7 நிறுவனங்கள் கைகோத்து உருவாக்கிய யு.எஸ்.பி.யின் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வெளிவந்தது. அஜய் பட், பால சுதர்சன் கடம்பி ஆகியோர் அடங்கிய இன்டெல் குழுவினருக்கு 2013-ல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது கிடைத்தது.

முதல் பதிப்பில் அதிகபட்ச வேகம் வினாடிக்கு 12 மெகாபிட். 2000-ல் வந்த 2.0 பதிப்பில் அது 480 மெகாபிட் ஆயிற்று. 2008-ல் வந்த 3.0 பதிப்பில் 5 ஜிகாபிட், அதாவது முந்தையதைப் போல் பத்து மடங்குக்கும் மேல்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 12 மெகாபிட்டுக்கு 'ஃபுல் ஸ்பீடு' என்று பெயர். 480-க்கு 'ஹை ஸ்பீடு'. 5 ஜிகாபிட்டுக்கு 'சூப்பர் ஸ்பீடு'. ஆக 'முழு வேகம்' என்பதுதான் இம்மூன்றிலும் மெதுவானது! கேரள அரசு பஸ்ஸில் ஃபாஸ்ட் பாசஞ்சர், சூப்பர் ஃபாஸ்ட் என்ற பெயர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது அவ்வளவு ஆச்சரியம் தராது. ரயில்வேயிலும் அகலப் பாதையில் சராசரியாக மணிக்கு 55 கிலோமீட்டர் இருந்தாலே வண்டி 'சூப்பர் ஃபாஸ்ட்' ஆகிவிடுகிறது அல்லவா?

பெயர் மாறிய ஸ்டேஷன்கள்

குழப்பம் முற்றியது 2013-க்குப் பிறகே. அந்த ஆண்டு 10 ஜிகாபிட் வேகமுள்ள 3.1 பதிப்பு வந்தது. அதோடு நிற்காமல், பழைய 3.0-க்கும் '3.1 ஜென் 1' என்று பெயர் மாற்றினார்கள். புதியது '3.1 ஜென் 2' ஆயிற்று. 2017-ல் 20 ஜிகாபிட் பதிப்பாக 3.2 வந்தது. உடனே 5 ஜிகாபிட் போர்ட் '3.2 ஜென் 1' என்றும், 10 ஜிகாபிட் '3.2 ஜென் 2' என்றும், 20 ஜிகாபிட் '3.2 ஜென் 2 பெருக்கல் 2' என்றும் ஆயின.

நமது ஊர் உதாரணம் ஒன்றைச் சொன்னால் விளங்கும். கொச்சுவேளி ஸ்டேஷன் 2024-ல் திருவனந்தபுரம் வடக்கு ஆயிற்று. நேமம் ஸ்டேஷன் திருவனந்தபுரம் தெற்கு ஆயிற்று. பெயர்ப் பலகை மாறியதால் வண்டியின் வேகம் கூடிவிடவில்லை. அதுபோல 2008-ல் 3.0 என்று விற்ற அதே 5 ஜிகாபிட் போர்ட்டுக்கு இன்று 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1, சூப்பர் ஸ்பீடு, யு.எஸ்.பி. 5 ஜிகாபிட் என ஐந்து பெயர்கள் புழங்குகின்றன.

ஆகவே கடைக்காரர், "சார், இது லேட்டஸ்ட், த்ரீ பாயின்ட் டூ" என்று சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதனால் ஒன்றும் விளங்கவும் இல்லை. 3.2 என்ற எண் 5, 10, 20 ஜிகாபிட் ஆகிய மூன்றில் எதையும் குறிக்கலாம். இதை உணர்ந்தோ என்னவோ, தரம் வகுக்கும் அமைப்பினர் 2022-ல் எண்களை ஒதுக்கிவிட்டு, விற்பனைப் பெட்டிகளில் வேகத்தையே பெயராகப் போடுமாறு கூறினார்கள். எல்லோரும் அதைக் கடைப்பிடித்துவிடவில்லை.

பிட் வேறு, பைட் வேறு

விளம்பரத்தில் வருவது பிட் கணக்கு. நாம் காப்பி செய்யும்போது திரையில் தெரிவது பைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 480 மெகாபிட் என்பது காகிதத்தில் 60 எம்.பி. அதிலும் கட்டளை பரிமாற்றத்துக்கு ஒரு பங்கு போய்விடும். நடைமுறையில் கைக்குக் கிடைப்பது வினாடிக்கு 30 முதல் 40 எம்.பி. வரையே.

5 ஜிகாபிட் போர்ட்டில் ஒவ்வொரு 8 பிட்டும் 10 பிட்டாக அனுப்பப்படுவதால் காகிதக் கணக்கே 500 எம்.பி.தான். நடைமுறையில் 400 எம்.பி.யை ஒட்டி வரும். ஆனால் சுழலும் தட்டு உள்ள சாதாரண வெளி ஹார்ட் டிஸ்க்கால் 100 முதல் 150 எம்.பி.க்கு மேல் கொடுக்க இயலாது. ஆசிரியர் வீட்டு நாலு மணியும் ஒன்றேகால் மணியும் இந்தக் கணக்குப்படி வந்தவையே. அந்த டிஸ்க்கை 20 ஜிகாபிட் போர்ட்டில் சொருகியிருந்தாலும் ஒரு நிமிடம்கூட மிச்சமாகியிராது.

கண்ணால் பார்த்து அறிவது

அகலமான பழைய வகைச் சொருகியில் நிறம் ஒரு நல்ல அடையாளம். உள்ளே இருக்கும் நாக்கு கறுப்பு அல்லது வெள்ளை என்றால் பெரும்பாலும் 2.0. நீலம் என்றால் 5 ஜிகாபிட். ஆனால் நிறம் கட்டாயமில்லை. சில கம்பெனிகளின் லேப்டாப்புகளில் எல்லாமே கறுப்பாக இருக்கும். சிவப்பு, மஞ்சள் போன்றவை அவரவர் இஷ்டம். 'எஸ்.எஸ்.' என்ற எழுத்தும் அருகே 5, 10, 20 என்ற எண்ணும் பொறித்திருந்தால் அதை நம்பலாம்.

இன்னும் உறுதி வேண்டுமானால் டார்ச் அடித்து உள்ளே பார்க்கலாம். 2.0 போர்ட்டில் 4 தகடுகள் மட்டுமே உண்டு. 3.0-ல் அந்த நாலுடன் மேலும் 5 தகடுகள் இருக்கும். மீட்டர் கேஜ் வண்டியும் அகலப் பாதை வண்டியும் ஓடும்படி மூன்று தண்டவாளம் போட்ட பாதையைப் போன்றது இது. பழைய கருவி பழைய தகடுகளில் ஓடும்; புதியது எல்லாத் தகடுகளையும் தொடும். சில வேளைகளில் சொருகியை மிக மெதுவாக நுழைத்தால், முதலில் தொடும் பழைய தகடுகளைக் கொண்டே 2.0 வேகத்தில் இணைப்பு நிலைத்துவிடுவதும் உண்டு. எடுத்துவிட்டு ஒரே மூச்சில் சொருகினால் சரியாகிவிடும்.

நீள்வட்டமான டைப் சி சொருகியைப் பார்த்து மட்டும் யாரும் வேகத்தை முடிவு செய்துவிடக் கூடாது. அது வடிவத்தின் பெயரே தவிர வேகத்தின் பெயர் அல்ல. 2023-ல் வந்த ஐஃபோன் 15-ல் டைப் சி இருந்தும், அதன் வேகம் 2000-ம் ஆண்டின் 480 மெகாபிட்தான். அதே ஆண்டின் ஐஃபோன் 15 புரோவில் 10 ஜிகாபிட். வெளித் தோற்றத்தில் இரண்டு துவாரமும் ஒன்றுபோலவே இருக்கும்.

கம்ப்யூட்டரையே கேட்பது

கேரள அரசுப் பள்ளிகளில் லினக்ஸ் சொல்லிக் கொடுப்பதால் இங்குள்ள பிள்ளைகளுக்கு இது எளிது. டெர்மினலைத் திறந்து எல், எஸ், யு, எஸ், பி என்ற ஐந்து எழுத்துக்களைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் டி என்ற எழுத்தும் அடிக்க வேண்டும். எல்லாம் சின்ன எழுத்தில். சொருகிய ஒவ்வொரு கருவியின் வரிசையிலும் 12, 480, 5000, 10000 என ஓர் எண் காட்டும். அதுவே அப்போது ஓடிக்கொண்டிருக்கும் வேகம், மெகாபிட் கணக்கில்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் ஒரு பெரிய சினிமா ஃபைலைக் காப்பி செய்து பார்ப்பதே சுலபமான சோதனை. முதல் சில வினாடிகளில் காட்டும் எண்ணை நம்பக் கூடாது. ஒரு நிமிடம் கழித்தும் 30, 40 எம்.பி.யிலேயே நின்றால் அது 2.0 பாதை என்று சந்தேகிக்கலாம். வேறு போர்ட், வேறு கேபிள் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் தடை எங்கே என்று புலப்படும். மலிவான பென் டிரைவை இந்தச் சோதனைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. எழுதுவதில் அதன் சொந்த வேகமே 10, 20 எம்.பி.யாக இருக்கும்.

கேபிளும் ஹப்பும்

போர்ட்டும் டிஸ்க்கும் நல்லதாக இருந்து, நடுவில் போட்ட கேபிள் 2.0 என்றால் முழுப் பாதையும் 2.0 ஆகிவிடும். நடுவே ஒரு மைல் தூரம் பழுதான தண்டவாளம் இருந்தால் அந்த இடத்தில் ராஜதானியும் ஊர்ந்துதான் போக வேண்டும். செல்ஃபோன் சார்ஜருடன் வரும் டைப் சி கேபிள்கள் பலவும் 2.0 வகை. மின்சாரம் மட்டும் கடத்தி, தகவலே கடத்தாத கேபிள்களும் சந்தையில் உண்டு. வெளி டிஸ்க்குடன் வந்த கேபிளை அதற்கென்றே தனியே வைத்துக்கொள்வது நல்லது.

ஹப் போட்டு நாலு கருவிகளைச் சேர்த்தால் ஒரே பாதையை நாலு பேரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். முக்கியமான காப்பி வேலையின்போது டிஸ்க்கை நேராகக் கம்ப்யூட்டரில் சொருகுவதே சரி.

எதற்கு எது போதும்?

கீ போர்டு, மவுஸ், பிரிண்டருக்குக் கறுப்பு போர்ட் தாராளமாகப் போதும். வயர் இல்லாத மவுஸின் சிறு சொருகியை நீல போர்ட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் இருப்பதே மேல். 3.0 இணைப்பிலிருந்து எழும் மின் இரைச்சல், அந்த மவுஸ் பயன்படுத்தும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடுகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் எடுத்துக்காட்டியது. மவுஸ் அவ்வப்போது திக்கித் திணறினால் புதியது வாங்குமுன் போர்ட்டை மாற்றிப் பார்க்கலாம்.

சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு 5 ஜிகாபிட் போதும். எஸ்.எஸ்.டி. வாங்குபவர்களுக்கு 10 ஜிகாபிட் பயன் தரும். வினாடிக்கு 1000 எம்.பி.யை ஒட்டி வரும். 20 ஜிகாபிட் டிஸ்க் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்ப்யூட்டரிலும் அதே '2 பெருக்கல் 2' வசதி இல்லையென்றால் அது 10-க்கே இறங்கிவிடும். அதிகப்படியாகக் கொடுத்த பணம் வீண்.

கடையில் கேட்க வேண்டியது

சாலைக் கடைவீதியில் அரிசி வாங்கும்போது ரகத்தின் பெயரைக் கேட்டுவிட்டு நிற்காமல் கையில் எடுத்துப் பார்ப்பது நம் வழக்கம். இங்கும் அப்படியே. "3.1-ஆ, 3.2-ஆ?" என்று கேட்பதில் பயனில்லை. "வினாடிக்கு எத்தனை ஜிகாபிட்? எந்தெந்த போர்ட்டில்?" என்று கேட்க வேண்டும். பதிலை பில்லிலேயே எழுதித் தரச் சொல்ல வேண்டும். சொன்னதும் கொடுத்ததும் வேறாக இருந்தால், பில்லைக் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

டிஸ்க் சத்தம் போடத் தொடங்கிவிட்ட வீடுகளுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. திரும்பத் திரும்ப ஆன் செய்து சோதித்துப் பார்க்க வேண்டாம். வேகமான போர்ட்டைத் தேர்ந்து, வேறெங்கும் கிடைக்காதவற்றை, அதாவது குடும்பப் படங்களையும் பத்திர நகல்களையும், முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். சினிமாவும் பாட்டும் பிறகு வரலாம். டிஸ்க் நன்றாக இருக்கும் வீடுகளில் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டால், எந்த போர்ட் என்று அவசரத்தில் தேடும் நிலையே வராது.