ஒட்டுவது எளிது, பிரிப்பதுதான் பாடு

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குத் தோலின் மேலடுக்கு முழுதாக உருவாகியிருக்காது. அந்தத் தோலில் ஈசிஜி மின்முனைகளைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, மறுபடி பிரித்து மாற்றும்போது சில நேரம் தோலும் கூடவே உரிந்து வரும். தழும்பு பல வருடம் கழித்தும் தெரிவதுண்டு. இதயத் துடிப்பு, மூச்சு, ஆக்ஸிஜன், உடல் வெப்பம், ரத்த அழுத்தம் என்று சிறு உடம்பிலிருந்து ஐந்தாறு ஒயர்கள் கிளம்பிக் கண்காணிப்புப் பெட்டிக்குப் போகின்றன. உயிரைக் காக்கும் ஏற்பாடுதான். ஆனால் பெற்றவள் பிள்ளையைத் தூக்க நினைத்தால் முதலில் நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

இந்த ஒயர்களை ஒழித்துக்கட்டக் கிளம்பியவர்களில் முக்கியமானவர், அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ரோஜர்ஸ். 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் அவருடைய குழு வெளியிட்ட ஆய்வில் இருந்தவை இரண்டே மெல்லிய சென்சார்கள். ஒன்று மார்பில் ஒட்டிக்கொள்ளும், மற்றொன்று பாதத்தைச் சுற்றிக்கொள்ளும். சிகாகோவில் 20க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளுக்கு, வழக்கமான ஒயர் கருவிகளை எடுக்காமல் அவற்றின் பக்கத்திலேயே இவற்றையும் வைத்து ஒப்பிட்டார்கள். அளவுகள் பொருந்தின.

இரண்டு சென்சார் ஏன்? இதயம் துடித்த நொடியை மார்புச் சென்சார் குறித்துக்கொள்கிறது. அந்தத் துடிப்பு பாதத்துக்கு வந்து சேரும் நொடியை மற்றது குறிக்கிறது. ரத்த அழுத்தம் கூடினால் இந்த இடைவெளி குறையும். பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக் கையை இறுக்காமலே, அழுத்தத்தின் போக்கை இதிலிருந்து கணக்கிட்டுவிடலாம். இந்த ஏற்பாட்டில் கெட்டிக்காரத்தனமான பகுதி இதுதான்.

சிலிக்கான் கண்ணாடித் தகடு மாதிரி நொறுங்கக்கூடியது. அதை எப்படித் தோலோடு சேர்ந்து மடிய வைத்தார்கள்? ஒரு தகட்டின் தடிமனைப் பாதியாக்கினால் அதன் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். அப்படியே இழைத்துக்கொண்டே போனால் சிலிக்கானும் வளையத் தொடங்கும். வளைந்தால் மட்டும் போதாது, தோல் இழுபடுகிறதே; அதனால் இணைப்புக் கம்பிகளை நேராக ஓட்டாமல் நெளிநெளியாக வரைந்தார்கள். தோல் இழுபடும்போது நெளிவு நிமிர்கிறதே தவிர உலோகம் அறுவதில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்தபோதே, 2011இல், ஒட்டும் டாட்டூவைப் போலத் தோலில் பதிகிற மின்சுற்றை ரோஜர்ஸ் குழு செய்து காட்டிவிட்டது. இவ்வளவு மெலிந்த பொருளைத் தோலில் நிறுத்தக் கடும் பசை தேவையில்லை. பசை மென்மையாக இருந்தால் பிரிக்கும்போது தோலும் தப்பிக்கும்.

2019 சென்சாருக்குப் பேட்டரி கிடையாது. படுக்கைக்கு அடியில் இருக்கும் ஆன்டெனாதான் மின்சாரம் ஊட்டியது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தால் தொடர்பு அறுந்துவிடும். அடுத்த வருடம் வந்த வடிவத்தில் பேட்டரியும் புளூடூத்தும் சேர்ந்தன. கங்காரு பராமரிப்பில் குழந்தை தாயின் மார்போடு ஒட்டிக் கிடக்கும்போதும் அளவுகள் வந்துகொண்டிருக்கும்.

ஒரு சங்கதியை நம் வாசகர்கள் கேட்டுவைக்க வேண்டும். பாதச் சென்சார் ஆக்ஸிஜனை ஒளியால் அளக்கிறது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் அதே உத்தி. 2020இல் மிச்சிகன் மருத்துவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, ஆக்ஸிமீட்டர் ‘சரியாக இருக்கிறது’ என்று காட்டியபோதே ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்திருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6 சதவீதம். கருவி மெலிந்து மென்மையானதாலேயே இந்தக் கோளாறு தீர்ந்துவிடாது. எந்த நிறத் தோலில் சோதித்தீர்கள் என்று விற்க வருகிறவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

பிரிக்கும் சிக்கல் தோலோடு நிற்பதுமில்லை. இதய அறுவை சிகிச்சைக்குப் பின் சில நாள் துடிப்பைச் சீராக வைக்க, இதயத்தின் மேல் தற்காலிக பேஸ்மேக்கர் கம்பிகளைப் பொருத்தி, முனைகளை மார்பு வழியே வெளியே விட்டிருப்பார்கள். தேவை முடிந்ததும் உருவி எடுப்பார்கள். நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்குக்கு 2012 ஆகஸ்டில் பைபாஸ் அறுவை நடந்தது. கம்பிகளை உருவியபோது உள்ளே ரத்தம் கசியத் தொடங்கி, 25ஆம் தேதி இறந்துபோனார்.

எடுக்கவே தேவையில்லாத பேஸ்மேக்கர் ஒன்றை ரோஜர்ஸும் இதய ஆய்வாளர் இகோர் எஃபிமோவும் 2021இல் அறிவித்தார்கள். வேலை முடிந்தபின் உடம்பிலேயே கரைந்துபோகும். 2025 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் வந்த அடுத்த வடிவம் 3.5 மில்லிமீட்டர் நீளம், 1.8 அகலம், 1 தடிமன்: அரிசியைவிடச் சிறியது. ஊசி வழியாகவே செலுத்திவிடலாம். உடம்பின் திரவம் பட்டதும் அதன் இரண்டு உலோக மின்முனைகளே பேட்டரியாகிவிடுகின்றன. மார்பின் மேல் ஒட்டிய மென்மையான பட்டை, துடிப்பு தடுமாறினால் அகச்சிவப்பு ஒளியைச் சிமிட்டும். தோலையும் எலும்பையும் தாண்டிப் போகும் அந்த ஒளி உள்ளேயிருக்கும் சுவிட்சைத் தட்டிவிடும்.

குழு முதலில் மனதில் வைத்திருப்பது பிறவி இதயக் கோளாறுள்ள கைக்குழந்தைகளை. நூற்றில் ஒரு குழந்தை அப்படிப் பிறக்கிறது. அறுவைக்குப் பின் பெரும்பாலோருக்கு ஒரு வாரத் துணை போதும். சிலருக்கு அதற்கும் மேல் வேண்டியிருக்கும். எத்தனை நாளில் கரைய வேண்டும் என்பதை மேலுறையின் தடிமனை வைத்து முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது, குழந்தை எத்தனை நாளில் தேறும் என்பது தெரிவதற்கு முன்பே. அந்த ஆய்வில் கருவி இயங்கியது எலி, பன்றி, நாய் ஆகியவற்றிலும், தானமாகப் பெற்ற மனித இதயங்களிலும்தான்.