ஒன்பது, ஐந்து, ஆறு, ஏ

1996-ல், நெய்வேலி குவார்ட்டர்ஸ் வீட்டில், ஒரு ஸ்டெப்பர் மோட்டாரைச் சுற்ற வைக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. போன மாதம் அதே டவுன்ஷிப்பில் என் அக்கா மகனுக்கு ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது.

என்னுடையது பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரிலிருந்து கழற்றிய பைபோலார் மோட்டார். நாலு ஒயர், இரண்டு காயில். காயிலில் மின்னோட்டத்தின் திசையை மாற்றி மாற்றி விட்டால்தான் அது அடியெடுத்து வைக்கும். அதற்கான எல்298 சிப்பை வாங்கச் சென்னைக்கு பஸ் ஏறி ரிச்சி தெருவுக்குப் போனேன். மைக்ரோகன்ட்ரோலர் கைக்கு எட்டவில்லை. லேபில் கெஞ்சி இரவல் வாங்கிய 8085 மைக்ரோபிராசசர் கிட்தான்.

4100 என்ற முகவரியிலிருந்து ஹெக்ஸ் எண்களை ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். மோட்டாருக்குப் போவது நாலே எண்: 09, 05, 06, 0ஏ. 09 என்பது இருமத்தில் 1001. அது 0101 ஆகும்போது முதல் காயில் மட்டும் திசை மாறும். 0110 ஆகும்போது இரண்டாவது. கடைசியிலிருந்து அனுப்பினால் எதிர்ப்பக்கம் சுற்றும். ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை அதிகமாகக் குறைத்தால் மோட்டார் நகராமல் உறுமும். கிட்டை அணைத்தால் புரோகிராம் போய்விடும். டவுன்ஷிப்பில் கரண்ட் போவது அபூர்வம் என்பதால் இரவெல்லாம் எரியவிட்டேன்.

கரண்ட் தயாரிக்கும் ஊர் அது. அன்று நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் ஓடிக்கொண்டிருந்தது. 1962-ல் 50 மெகாவாட் யூனிட் ஒன்றோடு தொடங்கி, ஒன்பது யூனிட்டில் 600 மெகாவாட் வரை வளர்ந்தது. 2020-ல் அது நின்றது. அதன் இடத்துக்கு வந்த புதிய நிலையத்தில் இரண்டே யூனிட், 1000 மெகாவாட்.

மோட்டார் சுற்றும் வேலையும் அப்படியே சுருங்கிவிட்டது. அக்கா மகனிடம் இருப்பது அர்டுயினோவும், கட்டைவிரல் அகலமுள்ள ஏ4988 டிரைவரும். ஒரு பின்னில் துடிப்பு, இன்னொன்றில் திசை. நாலு எண்ணின் வேலையைச் சிப்பே உள்ளுக்குள் முடித்துவிடுகிறது. என் காயில்களோடு தொடராக வைத்த ரெசிஸ்டர் கை வைக்க முடியாமல் சுடும். இன்றைய டிரைவர் மின்னோட்டத்தைத் தானே வெட்டி வெட்டி அளவில் நிறுத்துகிறது. ஒரு சுற்றுக்கு எனக்கு 200 ஸ்டெப், அவனுக்கு 3200. துல்லியம் 16 மடங்கு கூடிவிடாது. ஆனால் அந்த வழுவழுப்பை நான் அன்று கனவிலும் கண்டதில்லை. என் மோட்டார் மேசையையே அதிர வைக்கும்.

அவனுக்கு 09, 05, 06, 0ஏ தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. என் விரல்கள் மட்டும் அந்த வரிசையை இன்னும் மறக்கவில்லை.

போன மாதம் அந்தச் சாயங்காலம் முதலில் அவனுக்கும் சுற்றவில்லை. "மாமா, கோடு சரியாத்தான் இருக்கு. அதிருது, சுத்த மாட்டேங்குது" என்றான். கரண்ட்டை அணைக்கச் சொல்லி, மோட்டாரின் நாலு ஒயரையும் கழற்றினேன். இரண்டை முறுக்கிச் சேர்த்து, தண்டைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். லேசாகச் சுற்றியது. வேறு இரண்டைச் சேர்த்தேன். தண்டு விரலுக்கு முரண்டு பிடித்தது. ஒரே காயிலின் ஜோடி கிடைத்துவிட்டது. அவன் ஒயரைப் பிரித்தான், சேர்த்தான், மறுபடி திருப்பினான்.