கொசுறும் கடைப்பற்றும்

மல்லேசுவரம் சந்தையில் காய்கறி வாங்கி முடித்தபின், ஒரு கைப்பிடி கறிவேப்பிலையும் இரண்டு பச்சை மிளகாயும் கேட்டுப் பெறுவது நம் இல்லங்களில் வழிவழி வந்த பழக்கம். இதனைக் கொசுறு என்கிறோம். கன்னடத்திலும் தெலுங்கிலும் ஏறக்குறைய இதே சொல் வழங்குவதால், பெங்களூருக்குப் புதிதாகக் குடிவந்த தமிழரும் இந்த ஒன்றைக் கேட்பதற்கு மட்டும் தயங்குவதில்லை. கொசுறுக்கு ஓர் இலக்கணம் உண்டு. முதலில் சரக்கு; பின்னரே கொசுறு. ஒன்றுமே வாங்காதவரை வாரந்தோறும் அழைத்து, கூடை நிறையக் காய்கறியை இனாமாகக் கொடுத்தனுப்பும் கடைக்காரரை நாம் கண்டதில்லை. கணிப்பொறி விளையாட்டு வணிகத்திலோ அத்தகைய கடை ஒன்று 2018-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நடந்து வருகிறது.

கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதனைக் கவனித்திருக்கலாம். வியாழக்கிழமை இரவு எட்டரை மணிக்கு (குளிர்காலத்தில் ஒன்பதரை மணிக்கு) பிள்ளை சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டுக் கணிப்பொறியின்முன் சென்று அமர்கிறான். எபிக் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் இணையக் கடை அந்நேரத்தில்தான் அவ்வாரத்து இலவச விளையாட்டை அறிவிக்கிறது. குறித்த நாள்களுக்குள் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று ஒப்பிவிட்டால் போதும். அது அவன் கணக்கில் நிலையாகச் சேர்ந்துவிடும். அதை அவன் விளையாடுகிறானா என்பது வேறு செய்தி. நாம் அறிந்த மாணவர் ஒருவர் இருநூறுக்கு மேல் சேர்த்துவைத்து, பத்தைக்கூடத் திறந்து பாராதவர்.

இவ்வளவு தாராளம் எதற்காக? இத்துறையில் பெரிய கடை ஸ்டீம் என்பது. வால்வ் என்னும் நிறுவனம் 2003-ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கியது. ஒரு விளையாட்டை விற்றுக்கொடுப்பதற்கு அது பொதுவாக நூற்றுக்கு முப்பது பங்கு எடுத்துக்கொள்கிறது. மிகுதியாக விற்பனையாகும் சரக்குக்கு மட்டும் இது குறையும். பின்னர் வந்த எபிக், தனக்குப் பன்னிரண்டு போதும் என்று அறிவித்தது. இது செய்வோருக்கு இலாபமாகலாம்; வாங்குவோருக்கு இதனால் யாது பயன்? பழகிய கடையை விட்டு எவரும் எளிதில் எழுந்துவர மாட்டார். ஆகவேதான் வாங்குவோரை ஈர்க்க இலவசம் வந்தது.

அந்த இலவசத்தின் விலையும் இன்று வெளிப்படை. எபிக்குக்கும் ஆப்பிளுக்கும் இடையே அமெரிக்க நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், 2021-ஆம் ஆண்டு சில ஆவணங்கள் பொதுவில் வைக்கப்பட்டன. முதல் ஒன்பது மாதங்களில் வழங்கிய 38 விளையாட்டுகளுக்காக எபிக் செலவிட்டது ஏறத்தாழ 1 கோடியே 16 லட்சம் டாலர். அவற்றால் புதிதாகக் கணக்குத் திறந்தோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர். வகுத்துப் பார்ப்பின், ஒரு புதிய வாடிக்கையாளரின் விலை இரண்டரை டாலருக்கும் குறைவு! விளையாட்டைப் படைத்தவர்க்கு ஒரு தொகை போய்விட்டது. ஆடுவோருக்கு விளையாட்டு கிடைத்துவிட்டது. கடைக்குக் கிடைத்தது பெயர்ப்பட்டியல்.

2020-ஆம் ஆண்டு மே மாதம், ஊரடங்கினால் நாமெல்லாம் வீட்டுக்குள் இருந்த நாள்களில், கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 என்னும் புகழ்பெற்ற விளையாட்டு இவ்வாறு இலவசமாயிற்று. முதல் நாளே கூட்டம் தாங்காமல் கடையின் தளம் சில மணி நேரம் முடங்கிற்று. அதை இறக்கிக்கொள்ள 90 ஜிகாபைட்டுக்கு மேல் தேவைப்பட்டதால், அளவிட்டுத் தரும் இணைய இணைப்பை வைத்திருந்தோர் இலவசத்துக்கும் செலவு உண்டு என்பதை அம்மாதமே கண்டனர். அவ்விளையாட்டின் உரிமையாளரான ராக்ஸ்டார், அதற்கு முந்தைய ஆண்டில்தான் பெங்களூரில் 1997 முதல் இயங்கிய துருவா நிறுவனத்தை விலைக்கு வாங்கியிருந்தது. இவற்றை உருவாக்கிச் சம்பளம் பெறுவோரும் நம்மோடு இதே நகரத்தில் பேருந்துக்குக் காத்திருப்போரே.

இனி, கடைப்பற்று என்பதைக் காண்போம். 2019-ஆம் ஆண்டு சனவரியில் மெட்ரோ எக்ஸோடஸ் என்னும் விளையாட்டு, வெளிவருவதற்குச் சில வாரங்களே இருக்கையில், ஸ்டீமை விட்டு எபிக்குக்கு ஓராண்டுக்கு உரியதாயிற்று. ஸ்டீம் அன்பர்கள் கொதித்தெழுந்தனர். அவ்வரிசையில் முன்பு வந்த விளையாட்டுகளின்மீது, அவை செய்த குற்றம் யாதொன்றும் இல்லாதிருந்தும், கண்டன மதிப்புரைகளைக் குவித்தனர். ஆனால் 2004-ஆம் ஆண்டில் ஹாஃப் லைஃப் 2 வெளிவந்தபோது, குறுந்தட்டைக் காசு கொடுத்து வாங்கியவரும் ஸ்டீமில் கணக்குத் திறந்தே ஆகவேண்டும் என்று வால்வ் கட்டாயப்படுத்தியதும், அதற்காக ஆடுவோர் அன்று ஸ்டீமைத் தூற்றியதும் பலருக்கு நினைவில்லை. அன்று வேண்டா விருந்தாக நுழைந்தது இன்று குலதெய்வம் ஆகிவிட்டது.

இதனை வெறும் மூடப்பற்று என்று தள்ளிவிடுவதற்கில்லை. பத்தாண்டுகளாக வாங்கிய விளையாட்டுகள், பாதியில் நிறுத்தி வைத்த ஆட்டங்கள், நண்பர் பட்டியல் ஆகிய அனைத்தும் ஒரே கடையில் இருக்கின்றன. ஒரு கடையில் வாங்கியதை மற்றொன்றுக்குத் தூக்கிச் செல்ல இயலாது. சென்னையிலிருந்து பெங்களூருக்கு வரும்போது அம்மிக்கல்லைக்கூடச் சரக்கு வண்டியில் ஏற்றிவந்த குடும்பங்கள் உண்டு. பிள்ளையின் விளையாட்டு அலமாரியோ வைத்த இடத்தைவிட்டு அசையாது. நாம் பற்று என்று எண்ணுவதில் பெரும்பகுதி இதுவே.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சொல் இடறுகிறது. உரிமை வேறு, உரிமம் வேறு. உரிமம் என்பது பயன்படுத்திக்கொள்ளப் பெறும் அனுமதி. ‘வாங்கு’ என்று பொத்தானில் எழுதிவிட்டு அனுமதியை மட்டும் தருவோர் அதனை வெளிப்படையாகக் கூறவேண்டும் எனக் கலிபோர்னியா மாநிலம் 2024-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றிற்று. ஸ்டீமும் அவ்வாண்டு அக்டோபர் முதல் பணம் செலுத்தும் பக்கத்தில் அதனை எழுதிவைத்துள்ளது. போலந்து நாட்டின் ஜிஓஜி என்னும் கடையிலோ, இணையத்தின் துணையின்றி நிறுவக்கூடிய கோப்பை இறக்கி நம் வட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். சில வேளைகளில் அங்கும் இலவசம் உண்டு.

காசு கொடுத்ததாயினும் இலவசமாயினும், எல்லாம் ஒரு கணக்கின் பெயரில் கட்டுண்டவை. அக்கணக்கோ ஒரு மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் பற்றி நிற்பது. நம் உறவினர் மகன் சேலத்திலிருந்து இங்கு வேலைக்கு வந்தபோது பழைய எண்ணைக் கைவிட்டுக் கர்நாடக எண் ஒன்றை வாங்கினான். சில மாதங்களில் பழைய எண் வேறொருவர்க்குப் போயிற்று. கல்லூரி கொடுத்த மின்னஞ்சலும் படிப்பு முடிந்ததும் மூடப்பட்டது. ஒரு நாள் கணிப்பொறியை மாற்றியபோது கடை சரிபார்ப்பு எண்ணைக் கேட்டது. அது சென்று சேர்ந்த இடத்தில் அவன் இல்லை. நான்காண்டுச் சேமிப்பு, முதற்சம்பளத்தில் தம்பிக்காக வாங்கிய ஒன்று உட்பட, கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாமற் போயிற்று. “இலவசம்தானே, போகட்டும் மாமா” என்றான். முகம் அவ்வாறு சொல்லவில்லை.

ஊர் மாறி வருவோர் குடும்ப அட்டையையும் எரிவாயு இணைப்பையும் மாற்றுவதற்கு அலைகிறோம். அந்தப் பட்டியலில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம். பழைய எண் உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு கடையிலும் புதிய எண்ணைப் பதியவேண்டும். கல்லூரி மின்னஞ்சலுக்குப் பதிலாகச் சொந்த மின்னஞ்சலைக் கொடுக்கவேண்டும். கணக்கை மீட்பதற்குக் கடை தரும் குறியீடுகளை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைக்கவேண்டும். அரை மணி நேர வேலை. வியாழக்கிழமை இரவில் பிள்ளை எப்படியும் கணிப்பொறியின்முன் அமர்ந்திருப்பான். அன்றே செய்துவிடச் சொல்லலாம்.