புதுப் பையனும் வகுப்புச் சண்டியனும்

வேலை மாற்றலாகி ஊர் விட்டு ஊர் போகும் குடும்பத்தில் முதலில் திண்டாடுகிறவன் யார்? பள்ளிக்கூடத்துக்குப் புதிதாகப் போகும் பையன்தான்!

அந்தத் திண்டாட்டத்தைச் சிரிக்கச் சிரிக்கக் காட்டிய படம் "பசங்க". சசிகுமார் தயாரிக்க, பாண்டிராஜ் இயக்கி 2009-ல் வெளிவந்தது. கதை நடப்பது புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில்.

தன் பெயரோடு "ஐ.ஏ.எஸ்." சேர்த்துச் சொல்லும் அன்புக்கரசு, புதிதாக வகுப்பில் சேருகிறான். அங்கே ஜீவா வைத்ததுதான் சட்டம். வாத்தியார் மகன் வேறு! கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு புதியவனை மட்டம் தட்டப் பார்க்கிறான்.

அன்புவின் வீட்டிலோ அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஓயாத சண்டை. ஜீவாவின் தந்தை சொக்கலிங்கம் வாத்தியார் (ஜெயப்பிரகாஷ்), அன்புவின் அப்பாவிடம் நிதானமாகப் பேசுகிறார். பெரியவர்கள் சண்டை பிள்ளைகள் மனதை எப்படிக் கெடுக்கிறது என்று புரிய வைக்கிறார்.

சிறந்த தமிழ்ப் படம், வசனம், குழந்தை நட்சத்திரம் என மூன்று தேசிய விருதுகள் பெற்ற படம் இது.

வெளி மாநிலத்தில் நம் பிள்ளைக்கு மொழியும் ஒரு சங்கடம். சட்டைப் பொத்தான் அறுந்து வந்தால் முதுகில் ஒன்று வைக்காதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து என்ன நடந்தது என்று கேளுங்கள். அடித்த பையன் வீட்டுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். சண்டைக்கு அல்ல, பழக்கத்துக்கு!