வெண்மணல் தீவின் முதற்குடிகள்

பிலிப்பைன்ஸ் நாட்டின் வரைபடத்தை விரித்து, பனாய் என்னும் பெருந்தீவின் வடமேற்கு மூலையை நோக்குவோமாயின், அதனருகே சிறு புள்ளியொன்று தென்படும். அதுவே உலகெங்கிலுமிருந்து உல்லாசப் பயணிகள் நாடிச் செல்லும் பொராக்காய் தீவு. அதன் நீளம் ஏறத்தாழ 7 கிலோமீட்டர். பரப்பு சுமார் 1,000 ஹெக்டேர். இரு முனைகளும் பருத்து, இடை மெலிந்து, எலும்புத் துண்டு போன்ற வடிவுடையது.

மேற்குக் கரையில் 4 கிலோமீட்டர் நீளத்திற்கு மாவை ஒத்த வெண்மணல் பரந்து கிடக்கிறது. பவளமும் சிப்பியும் பொடிந்து உண்டான மணல் இது. ‘அமிஹான்’ எனப்படும் வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் இக்கரை குளம்போல் அமைதியாயிருக்கும். ‘ஹபகாட்’ என்னும் தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டால் அலைகள் சீறிவரும்.

இத்தீவின் முதற்குடிகள் ஆத்தி என்னும் மக்கள். கருநிறமும் சுருள்முடியும் உடைய இவர்கள், மீன்பிடித்தும் காட்டுப் பொருள்களைச் சேர்த்தும் வாழ்ந்தவர்கள். 1970-களில் பயணிகள் வரத் தொடங்கினர். நிலத்தின் விலை ஏறியது. பத்திரம் என்பதையே அறியாத ஆத்தி மக்கள் படிப்படியாகக் கரையிலிருந்து ஒதுக்கப்பட்டனர்.

கத்தோலிக்க அருட்சகோதரியர் அவர்களுக்குத் துணைநின்றனர். நெடுநாள் முயற்சிக்குப்பின், 2011-இல் 2.1 ஹெக்டேர் நிலத்திற்கு முன்னோர் உரிமைப் பட்டா கிடைத்தது. ஆயிரம் ஹெக்டேரில் இரண்டே ஹெக்டேர்! அதற்கும் எதிர்ப்பு எழுந்தது. அம்மக்களின் இளம் பேச்சாளர் டெக்ஸ்டர் கொண்டெஸ் 2013 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

விடுதிகளின் கழிவுநீர் கடலிற் கலந்ததால், 2018-இல் அரசு தீவையே ஆறு மாதம் மூடியது. மீண்டும் திறந்தபோது, நாளொன்றுக்கு 6,405 பயணிகளே வரலாம் என வரம்பு விதித்தது. அவ்வாண்டிலேயே ஆத்தி மக்களுக்கு மேலும் 3.2 ஹெக்டேர் விளைநிலம் வழங்கப்பட்டது. ஆனால் அந்நிலம் உழவுக்கு ஏற்றதன்று என வழக்காடினர் சிலர். பட்டாக்கள் ரத்தான செய்தி 2024-இல் வந்தது.

கடல்நீரின் தூய்மைக்காக ஒரு தீவையே மூட முடிந்தது. அத்தீவின் மூத்த குடிகளுக்கு ஒரு துண்டு நிலத்தை உறுதியாக்குவதுதான் அரிதாயிருக்கிறது. விடுமுறைக்கு அழகிய ஊர்களை நாடும் நாமும், அங்கு முன்னர் வாழ்ந்தவர் யாவர், இன்று எங்கே குடியிருக்கின்றனர் என்று ஒருமுறை கேட்டறிதல் நன்று.