கிப்லா பார்த்து வீடு அமைத்தல்

தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோகும் முஸ்லிம் குடும்பத்தார், சோபாவை எங்கே போடுவது என்றுதான் முதலில் பேச்செடுக்கிறார்கள். அதற்கு முன் கேட்கவேண்டியது, கிப்லா எந்தப் பக்கம் என்பதே.

மேற்கு என்று சொல்லிவிடுவது வழக்கம். கோலாலம்பூரிலிருந்து பார்த்தால் மக்காவின் திசை நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 22 பாகை வடக்கே சாய்ந்துள்ளது. இதைக் கண்டுகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம். ஆண்டுதோறும் மே 28-ஐ ஒட்டி மாலை 5.16 மணிக்கும், ஜூலை 16-ஐ ஒட்டி 5.28 மணிக்கும் சூரியன் கஃபாவுக்கு நேர் உச்சியில் நிற்கும். அந்நேரத்தில் வாசலில் ஒரு கோலை நேராக நட்டு வையுங்கள். நிழலின் நுனியில் நின்று கோலைப் பார்த்தால், நீங்கள் பார்க்கும் திசையே கிப்லா. மழையாக இருந்தால் பள்ளிவாசலில் கேட்டுக்கொள்ளலாம்.

தொழுகைக்குத் தனி அறை வேண்டுமென்பதில்லை. நாலடி நீளம், இரண்டரையடி அகலம் இருந்தால் ஒருவர் பாய் விரிக்கலாம். எதிர்ச் சுவரில் உருவப் படங்கள் வேண்டாம்.

ஒளுச் செய்யும் இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்துக் கழுவும் பெரியவர்கள் வழுக்கி விழுவதுண்டு. தாழ்வாக ஒரு குழாயும் உட்கார ஒரு முக்காலியும் வையுங்கள். தரை சொரசொரப்பாக இருக்கட்டும்.

லயத்து வீட்டில் விருந்தாளி வந்தால் பெண்கள் பின்கட்டுக்குப் போய்விடுவார்கள். புது வீட்டிலோ குளியலறைக்குப் போகக் கூடத்தைக் கடக்கவேண்டியிருக்கும். விலையுயர்ந்த மரத்தட்டி எதற்கு? கம்பியில் ஓடும் கனத்த திரை ஒன்று போதும். விருந்தாளி போனபின் ஒதுக்கிவிட்டால் காற்றும் வரும்.